கரை மறுக்கப்பட்ட கடலோடிகள்

நுழையும்முன்

உலக வணிகத்தின் பெரும்பகுதி கடல்வழியே நடைபெறுகிறது. அவ்வணிகத்தைச் சுமந்து செல்வோர் நிலத்தில் வாழ்வோரின் கண்ணில் படுவது அரிது. 2020ஆம் ஆண்டு உலகைச் சூழ்ந்த கொரோனா பெருந்தொற்றின்போது, பணிக்காலம் முடிந்த பின்னும் பல இலட்சம் மாலுமிகள் கப்பலைவிட்டு இறங்க இயலாமல் மாதக்கணக்கில் தவித்தனர். அந்நிலை ஏன் ஏற்பட்டது, அதனைத் தவிர்த்திருக்க இயலாதா என்னும் வினாக்களை எழுப்பி விடை தேடுகிறது இக்கட்டுரை.

அடுப்பு எரிந்த காரணம்

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பேருந்துகள் நின்றன. பள்ளிகள் பூட்டப்பட்டன. கடைத்தெருக்கள் வெறிச்சோடின. ஆயினும் வீடுகளில் அடுப்பு எரிந்தது. நியாயவிலைக் கடைகளின் முன் இடைவெளிவிட்டு வரிசையில் நின்ற மக்கள் அரிசியும் பருப்பும் பாமாயிலும் பெற்றுச் சென்றனர். எரிவாயு உருளை வழக்கம்போல் வாசலுக்கு வந்தது.

அந்தப் பாமாயில் இந்தோனேசியா, மலேசியா போன்ற நாடுகளின் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருவது. இந்தியா பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேற்பட்டது வளைகுடா நாடுகள் முதலான அயல்நாடுகளிலிருந்து பெறப்படுவது. இரண்டும் கப்பலில் வந்தன. அக்கப்பல்களை மனிதர்கள் ஓட்டி வந்தனர். நாடே வீட்டுக்குள் இருந்த நாள்களில், அம்மனிதர்கள் தம் வீட்டுக்குத் திரும்பினார்களா என்று வினவியோர் மிகச் சிலரே.

உலக வணிகப் பொருள்களில், அளவின்படி, ஏறத்தாழ 80 விழுக்காடு கடல்வழியே செல்கிறது. கோதுமை, நிலக்கரி, கச்சா எண்ணெய், மருந்து, கைப்பேசி என அன்றாட வாழ்வின் பொருள்கள் பலவும் ஏதோவொரு கட்டத்தில் கப்பலேறியவையே. 2021ஆம் ஆண்டின் கணக்கீட்டின்படி, உலகின் வணிகக் கப்பல்களில் பணிபுரியும் மாலுமிகள் ஏறத்தாழ 18.9 இலட்சம் பேர். பிலிப்பைன்ஸ், இரசியா, இந்தோனேசியா, சீனா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளே இவர்களுள் மிகுதியானவர்களை அனுப்புகின்றன. தமிழகக் கடலோர ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் 'மகன் கப்பலில் இருக்கிறான்' என்று சொல்லும் குடும்பங்கள் பல உண்டு.

கப்பல் என்னும் பணியிடம்

மிகப்பெரிய சரக்குக் கப்பல் ஒன்றின் நீளம் முந்நூறு மீட்டரையும் தாண்டும். அதனை இயக்குவோர் இருபது முதல் இருபத்தைந்து பேர் மட்டுமே. கப்பல் ஓடும்போது இரவு, பகல் என்னும் வேறுபாடு இல்லை. மாலுமிகள் 'வாட்ச்' என்று அழைக்கும் முறைப்பணியில், நள்ளிரவு பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை நின்ற ஒருவர், மறுபடியும் நண்பகல் பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை நிற்பார். கீழே இயந்திர அறையில் வெப்பமும் பேரிரைச்சலும் ஓய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பது நாள்காட்டியில் மட்டுமே உண்டு.

இத்தகைய பணியை மனிதர் தாங்க இயலுவதற்குக் காரணம், அதற்கு ஒரு முடிவுநாள் இருப்பதுதான். மாலுமியின் பணி ஒப்பந்தம் பெரும்பாலும் நான்கு முதல் ஒன்பது மாதங்கள் வரை நீடிக்கும். ஒப்பந்தம் முடிந்ததும் ஏதேனும் ஒரு துறைமுகத்தில் அவர் இறங்குவார். அவருக்கு மாற்றாக வந்தவர் ஏறுவார். முன்னதை 'சைன் ஆஃப்' என்றும் பின்னதை 'சைன் ஆன்' என்றும் கப்பல் வழக்கில் கூறுவர். மாற்றாள் வராமல் ஒருவர் இறங்குவது எளிதன்று. பாதுகாப்பாக இயங்கத் தேவையான குறைந்தபட்சப் பணியாளர் இன்றிக் கப்பல் புறப்படக் கூடாது என்பது விதி. பெருந்தொற்றுக்கு முன் மாதந்தோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மாலுமிகள் இவ்வாறு பணி மாறி வந்தனர்.

இறங்கும் நாளை மாலுமியின் விருப்பத்துக்கோ முதலாளியின் கருணைக்கோ விட்டுவிடவில்லை பன்னாட்டுச் சட்டம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006ஆம் ஆண்டு நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015ஆம் ஆண்டு அதனை ஏற்றது. மாலுமி ஒருவர் தொடர்ந்து கப்பலில் இருக்கும் காலம் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும். பணி முடிந்ததும் அவரைச் செலவின்றி ஊர் சேர்த்தல் வேண்டும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமேனும் ஓய்வு தருதல் வேண்டும். நோயுற்றால் கரையில் மருத்துவம் கிடைத்தல் வேண்டும் என்பன அதன் கூறுகள். இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்.

சரக்குக்குத் திறந்த வாயில்

2020ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நாடுகள் ஒவ்வொன்றாகத் தம் எல்லைகளை மூடின. வானூர்திகள் நின்றன. நுழைவிசைவு வழங்கும் அலுவலகங்கள் மூடப்பட்டன. ஆனால், துறைமுகங்கள் முற்றிலுமாக மூடப்படவில்லை. அவை மூடப்பட்டிருந்தால் மக்களுக்கு உணவும் எரிபொருளும் மருந்தும் கிடைத்திரா. எனவே, கப்பல் உள்ளே வர இசைவு தரப்பட்டது, பாரந்தூக்கிகள் இயங்கின, கொள்கலன்கள் இறங்கின. அவற்றைக் கொண்டுவந்த மாலுமிக்கு மட்டும் கரையில் கால்வைக்க இசைவு இல்லை. சரக்கு இறங்கிய அதே மேடையைப் பார்த்தவாறு அவர் மேல்தளத்தில் நின்றார். பின்பு கப்பல் அடுத்த துறைமுகம் நோக்கிப் புறப்பட்டது. அங்கும் அதே நிலை.

ஒப்பந்தம் முடிந்தவர்களிடம் 'இன்னும் ஒரு மாதம்' எனக் கேட்கப்பட்டது. அம்மாதம் முடிந்ததும் மேலும் ஒரு மாதம் எனக் கூறப்பட்டது. ஆறு மாதப் பணிக்குச் சென்றவர்கள் ஓராண்டைக் கடந்தனர். சிலர் 17 மாதங்களுக்கும் மேலாகக் கப்பலில் இருந்தனர். 2020ஆம் ஆண்டின் இறுதியில், ஒப்பந்தக் காலம் கடந்தும் கப்பலில் சிக்கியிருந்த மாலுமிகள் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் எனப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது.

இடர் கப்பலில் இருந்தோருக்கு மட்டும் உரியதாக இல்லை. ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான மாலுமிகள் பணியில் சேர இயலாமல் வீடுகளில் காத்திருந்தனர். மாலுமிகளுள் பெரும்பாலோர் கப்பலில் இருக்கும் மாதங்களுக்கு மட்டுமே ஊதியம் பெறுவோர். கப்பலில் ஒருவர் இறங்க இயலாத ஒவ்வொரு மாதமும், கரையில் வேறொருவர் வருவாய் இழந்த மாதம் ஆயிற்று. ஒருவருக்கு வேலை முடியவில்லை. மற்றவருக்கு வேலை தொடங்கவில்லை. இருவர் வீட்டிலும் கவலை ஒன்றே.

நெய்தல் திணைக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தது தமிழ் இலக்கண மரபு. கடலைப் பார்த்துக் கரையில் காத்திருப்போரின் துயரை அம்மரபு நன்கு அறியும். 2020இல் கரையைப் பார்த்துக் கடலில் காத்திருப்போரின் துயரும் அதனோடு சேர்ந்தது. தந்தையின் இறப்புச் செய்தியைக் கப்பலின் தொலைபேசியில் கேட்டுவிட்டு அடுத்த முறைப்பணிக்குச் செல்வதன்றி வேறு வழியற்ற நிலையில் மனிதர் இருந்தனர். பல்வலி முதல் பக்கவாதம் வரை, கரையில் மருத்துவம் தேடியோர் திருப்பி அனுப்பப்பட்ட நிகழ்வுகளும் உண்டு.

தெரிந்து தெளிவோம்

தொற்றுநோய்க் காலத்தில் கப்பல்களைத் தனிமைப்படுத்தும் வழக்கம் பழைமையானது. இன்று துப்ரோவ்னிக் என அழைக்கப்படும் ரகூசா நகரம், 1377ஆம் ஆண்டு கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருவோரை முப்பது நாள் ஒதுங்கியிருக்கச் செய்தது. பின்னர் வெனிசு முதலிய துறைமுக நகரங்களில் இது நாற்பது நாளாயிற்று. தனிமைப்படுத்தலைக் குறிக்கும் 'குவாரன்டைன்' என்னும் சொல், நாற்பதைக் குறிக்கும் இத்தாலிய மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நோய்க்கிருமி இன்னதென்று அறியாத காலத்து ஆட்சியாளர்கள்கூட, காத்திருப்புக்கு ஒரு கணக்கு வைத்திருந்தனர். நாற்பதாம் நாள் முடிந்தால் கரை உறுதி. அறிவியல் வளர்ந்த இருபத்தோராம் நூற்றாண்டில் மாலுமிக்கு அந்த உறுதி இல்லாமற்போனது.

இரு கப்பல்களின் கதை

சிக்கல் எவ்வாறு முடிச்சிட்டுக் கொண்டது என்பதை இரு கப்பல்கள் காட்டும். ஆஸ்திரேலிய நிலக்கரியை ஏற்றிச் சென்ற 'ஜக் ஆனந்த்' என்னும் கப்பல், 2020 ஜூன் மாதம் முதல் வடசீனத்தின் ஜிங்டாங் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. அதில் 23 இந்திய மாலுமிகள் இருந்தனர். அதேபோல் நிலக்கரியுடன் சென்ற 'அனஸ்தாசியா' என்னும் கப்பல், அவ்வாண்டு செப்டம்பர் முதல் சாவ்ஃபெய்தியன் துறைமுகத்தருகே நின்றது. அதில் 16 இந்தியர்கள் இருந்தனர்.

ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் இடையே வணிகப் பிணக்கு நிலவிய காலம் அது. நிலக்கரி இறக்கப்படவில்லை. சரக்கை இறக்காமல் வேறிடம் செல்வது வணிக ஒப்பந்தத்தை முறிப்பதாகும். சரி, கப்பல் நிற்கட்டும். ஆள்களையேனும் மாற்றலாமா என்று கேட்டால், தொற்றுத்தடுப்பு விதிகள் அதற்கு இடந்தரவில்லை என்பது விடையாக இருந்தது. இவ்வாறு, நிலக்கரியின்மேல் எழுந்த வழக்குக்கு மனிதர்கள் பிணை ஆயினர். கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கோடை கழிந்து குளிர்காலம் வந்தது. நாடுகளிடையே பல சுற்றுப் பேச்சுகள் நடந்தன. இறுதியில் ஜக் ஆனந்த் கப்பல் ஜப்பானின் சிபா துறைமுகத்துக்குச் சென்று பணியாளரை மாற்றிக்கொண்டது. அதன் மாலுமிகள் 2021 ஜனவரியிலும், அனஸ்தாசியாவின் மாலுமிகள் பிப்ரவரியிலும் தாயகம் திரும்பினர்.

இறப்பும்கூடக் கரையைத் திறக்கவில்லை என்பதற்கு வேறொரு சான்று உண்டு. 'இத்தால் லிபெரா' என்னும் சரக்குக் கப்பலின் இத்தாலியத் தலைவர் 2021 ஏப்ரலில் பயணத்தின் நடுவே உயிரிழந்தார். அவருடைய உடலை இறக்கப் பல நாடுகள் இசையவில்லை. கப்பல் தன் வணிகப் பயணத்தைக் கைவிட்டு, உடலுடன் இத்தாலி நோக்கித் திரும்பியது. தாரந்தோ துறைமுகத்தை அது அடைந்தபோது ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கடந்திருந்தன.

அச்சமும் அறமும்

நாடுகள் அஞ்சியதில் பொருளில்லை என்று கூறிவிட இயலாது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் நின்ற 'டயமண்ட் பிரின்சஸ்' என்னும் பயணிகள் கப்பலில் இருந்த ஏறத்தாழ 3,700 பேருள் 700க்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாயினர். கப்பல் என்றாலே நோய்க்கூடம் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்தது. தன் குடிமக்களைக் காப்பது எந்த அரசுக்கும் முதற்கடமை. மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பிய நாள்களில் ஓர் அரசு வெளியாரை ஏற்கத் தயங்கியதைப் புரிந்துகொள்ளலாம்.

எனினும், பயணிகள் கப்பலும் சரக்குக் கப்பலும் ஒன்றல்ல. முன்னது ஆயிரக்கணக்கானோர் கூடி உண்டு உறையும் மிதக்கும் நகரம். பின்னதில் இருப்போர் இருபது பேர். அவர்கள் வாரக்கணக்கில் வெளியார் எவரையும் காணாதவர்கள். மூன்று வாரம் கடலில் இருந்து நலமாக வந்து சேர்ந்த மாலுமியைவிடத் தொற்று வாய்ப்புக் குறைந்தவர் அந்நாளில் எந்த நகரத்திலும் அரிதாகவே இருந்திருப்பார். உண்மையில், கரையிலிருந்து கப்பலுக்கு ஏறிய வழிகாட்டிகளாலும் சரக்குத் தொழிலாளராலும் தமக்கு நோய் வந்துவிடுமோ என்று மாலுமிகளே அஞ்சினர்.

'மாலுமிகள் நல்ல ஊதியம் பெறுவோர். தொழிலின் இடரை அறிந்தே சேர்ந்தவர்கள்' என்று கூறுவோரும் உண்டு. புயலும் பேரலையும் தொழிலின் இடர்கள். அவற்றை அறிந்துதான் அவர்கள் கப்பலேறினர். ஆனால், அவர்கள் ஒப்புக்கொண்டது ஒரு வரையறுத்த காலத்துக்கான பணியை. முடிவு தெரியாத பணியை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. விலகும் உரிமை இல்லாத இடத்தில் செய்யப்படும் வேலை, ஊதியம் எவ்வளவு உயர்ந்ததாயினும், கட்டாய உழைப்பின் எல்லையைத் தொடுகிறது. அத்தகைய இடர் இருப்பதைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர் குழுவும் 2020 டிசம்பரில் சுட்டிக்காட்டியது. தொடக்க வாரங்களில் பெருந்தொற்றைத் தவிர்க்க இயலாத இடையூறு எனக் கூறியிருக்கலாம். மாற்றுவழிகள் கிடைத்த பின்னும் அதனையே காரணமாகக் காட்டி உடன்படிக்கையை மீறுதல் ஏற்புடையதன்று என்றும் அக்குழு கூறியது.

இது மாலுமிகளின் உரிமைச் சிக்கல் மட்டுமன்று. களைத்த கண்களோடு இரவில் கப்பலைச் செலுத்துவோரின் ஒரு பிழை, எண்ணெய்க் கசிவாகவோ மோதலாகவோ முடியலாம். அதன் விளைவு கரையில் வாழ்வோரையும் மீன்பிடித் தொழிலையும் கடல்வாழ் உயிர்களையும் தாக்கும். மாலுமியின் ஓய்வு, கரையில் வாழ்வோரின் பாதுகாப்பும் ஆகும்.

பலருடைய பொறுப்பு

வழி இல்லாமையால் இத்துயர் நேரவில்லை என்பதே இங்கு வலியுறுத்த வேண்டிய உண்மை. 2020 மே மாதத் தொடக்கத்திலேயே, மாலுமி தன் வீட்டிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து வீட்டுக்கும் பாதுகாப்பாகச் செல்வதற்கான பன்னிரண்டு படிநிலைகள் கொண்ட நெறிமுறையைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு எல்லா நாடுகளுக்கும் அனுப்பியது. தனிமைப்படுத்தல், பரிசோதனை, பயண ஆவணம், வானூர்தி நிலையம் வரை செல்லும் வண்டி என அனைத்தும் அதில் வரையறுக்கப்பட்டிருந்தன. வழி எழுதப்பட்டது மே மாதம். நான்கு இலட்சம் பேர் சிக்கியிருந்ததோ அவ்வாண்டின் இறுதியில். இடைப்பட்ட மாதங்களில் குறைந்திருந்தது அறிவன்று, பொறுப்பேற்கும் மனம்.

பொறுப்பு ஏன் நழுவியது? ஒரு சரக்குக் கப்பலை எண்ணிப் பார்க்கலாம். அதன் உரிமையாளர் கிரேக்க நாட்டினராக இருப்பார். கப்பல் பனாமாவில் பதிவுபெற்று அந்நாட்டுக் கொடியைப் பறக்கவிடும். அதனை மேலாண்மை செய்யும் நிறுவனம் சிங்கப்பூரில் இருக்கும். மாலுமிகள் இந்தியராகவும் பிலிப்பினோக்களாகவும் இருப்பர். சரக்கு பிரேசிலிலிருந்து சீனாவுக்குச் செல்லும். இன்றைய கடல் வணிகத்தில் இது வழக்கமான நிலையே. மாலுமி ஊர் திரும்ப வேண்டுமெனில் இவர்களோடு துறைமுக நாடும் வானூர்தி நிறுவனமும் இசைய வேண்டும். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட இடமிருந்தது. ஊதியத்தை ஒருவர் கொடுத்தார். கொடியை ஒருவர் கொடுத்தார். பாதுகாப்பைக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

முன்வந்தோர் செய்துகாட்டினர் என்பதையும் மறத்தலாகாது. இந்திய அரசு 2020 ஏப்ரல் 21 அன்று, இந்திய மாலுமிகள் இந்தியத் துறைமுகங்களில் ஏறவும் இறங்கவும் உரிய நடைமுறையை வெளியிட்டது. அடுத்த சில நாள்களிலேயே மும்பைத் துறைமுகத்தில் பயணிகள் கப்பல் ஒன்றிலிருந்து 140க்கும் மேற்பட்ட இந்தியப் பணியாளர்கள் இறங்கினர். கன்னியாகுமரிக்கு மேற்கே, திருவனந்தபுரத்தை அடுத்துள்ள விழிஞ்ஞம், பன்னாட்டுக் கப்பல் வழித்தடத்துக்கு மிக அருகில் உள்ள ஊர். அங்கு 2020 ஜூலை மாதம் முதல் கப்பல்கள் கடலிலேயே சிறிது நேரம் நின்றன. இழுவைப் படகுகள் பரிசோதனை முடிந்த புதிய மாலுமிகளைக் கொண்டுசென்றன. பணி முடித்தோரைக் கரைக்குக் கொண்டுவந்தன. பின்வந்த காலத்தில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் இவ்வாறு பணியாளரை மாற்றிக்கொண்டன. பெரிய கட்டமைப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. படகும் மருத்துவரும் தெளிவான ஓர் அரசாணையும் போதுமானவையாக இருந்தன.

ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2020 டிசம்பர் 1 அன்று, மாலுமிகளை இன்றியமையாப் பணியாளர்களாக அறிவிக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை நிறைவேற்றியது. மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கு அளிக்கப்பட்ட அதே நிலை அது. அச்சொல் ஒரு பட்டம் அன்று. அதனைப் பெற்றவர் எல்லையைக் கடக்கலாம், வானூர்தி ஏறலாம், மருத்துவமனைக்குள் செல்லலாம். ஆனால், 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்கூட அவ்வாறு அறிவித்திருந்த நாடுகள் ஏறத்தாழ 60 மட்டுமே. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் உறுப்பு நாடுகளோ 170க்கும் மேற்பட்டவை. இதற்கிடையில் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தபோது, இந்தியாவிலிருந்து வரும் மாலுமிகளை ஏற்கப் பல துறைமுகங்கள் மறுத்தன. குறைந்துவந்த சிக்கல் மீண்டும் பெருகியது.

காணப்படாத மனிதர்

2021 மார்ச் 23 அன்று 'எவர் கிவன்' என்னும் கொள்கலன் கப்பல் சூயசுக் கால்வாயின் குறுக்கே சிக்கிக்கொண்டது. ஆறு நாள்கள் உலகம் முழுவதும் அதனையே பேசியது. தடைப்பட்ட வணிகத்தின் மதிப்பு நாள்தோறும் கணக்கிடப்பட்டது. அக்கப்பலில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள் என்பது பலருக்கு நினைவில் இல்லை. கப்பல் மிதந்ததும் செய்தி ஓய்ந்தது. இழப்பீட்டு வழக்கின் காரணமாக அக்கப்பல் ஜூலை 7 வரை எகிப்தின் ஏரி ஒன்றில் நிறுத்தி வைக்கப்பட்டது. இடையில் மாலுமிகளுள் சிலர் மட்டுமே ஊர் திரும்ப இயன்றது. கப்பல் சிக்கிய ஆறு நாள்களை உலகம் எண்ணியது. மனிதர் சிக்கிய நூறு நாள்களை அவர்தம் குடும்பத்தாரே எண்ணினர்.

மாலுமிகள் மறக்கப்பட்டதற்கு எவருடைய தீய எண்ணமும் காரணமன்று. அவர்கள் கண்ணில் படாமையே காரணம். மருத்துவமனை வாசலில் நின்ற செவிலியரை மக்கள் கண்டனர், கைதட்டினர். நெடுஞ்சாலையில் நடந்த தொழிலாளரைத் தொலைக்காட்சி காட்டியது, நாடு வருந்தியது. நடுக்கடலில் இருப்பவரை யார் காண்பார்? துறைமுகங்கள்கூட இன்று மதிற்சுவர்களுக்கு அப்பால், நகரத்து மக்கள் எளிதில் நுழைய இயலாத இடங்களாகிவிட்டன. காணாதவர்க்கு இழைக்கப்படும் தீங்கு மனத்தை உறுத்துவதில்லை. எனவேதான், கண்ணில் படாதவர்களுக்குச் சட்டத்தின் காவல் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

அச்சட்டம் ஓரளவு வலுப்பெற்றுள்ளது. 2022ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை திருத்தப்பட்டது. உடனடி மருத்துவம் தேவைப்படும் மாலுமியைத் தாமதமின்றிக் கரையிறக்குதல், இறந்தவரின் உடலைக் குடும்பத்தார் விருப்பப்படி ஊர் சேர்க்க உதவுதல், கப்பலில் இணைய வசதி அளித்தல் ஆகியவை அத்திருத்தத்தில் இடம்பெற்றன. 2024 டிசம்பர் 23 முதல் அவை நடைமுறையில் உள்ளன. பெருந்தொற்றுக் காலத்துத் துயர்களின் சுவடுகளை அவ்விதிகளில் படிக்கலாம்.

ஆனால், 2020இலும் சட்டம் இருந்தது. பன்னிரண்டு மாத வரம்பு அன்றும் தாளில் இருந்தது. அமைதியான நாள்களில் மட்டும் மதிக்கப்படும் உரிமை, உரிமையாகாது. நெருக்கடி வரும்போது முதலில் தளர்த்தப்படுவது எவருடைய உரிமை என்று பார்த்தால், ஒரு சமுதாயம் உண்மையில் எவரைத் தன்னவராகக் கருதுகிறது என்பது விளங்கும். சரக்கை ஏற்கும் நாடு, அதனைக் கொண்டுவரும் மனிதரையும் ஏற்கும் கடப்பாடு உடையது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததே பெருந்தொற்றுக் காலத்தின் பிழை. அடுத்த நெருக்கடி தொற்றாகவும் வரலாம், போராகவும் வரலாம். அதற்கு முன்பே ஒவ்வொரு துறைமுக நாடும் மாலுமிகளை இன்றியமையாப் பணியாளர்களாகத் தன் சட்டத்தில் நிலையாக எழுதிவைத்தல் வேண்டும். அறிவிப்பை எதிர்நோக்கி அவர்களைக் காக்க வைத்தல் கூடாது.

ஆண்டுதோறும் ஜூன் 25ஆம் நாள் உலக மாலுமிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வாழ்த்துச் செய்திகள் அந்நாளில் நிறைய வெளிவரும். மாலுமிகள் கேட்பது வாழ்த்தைவிட எளியது. ஒப்புக்கொண்ட நாளில் பணி முடிய வேண்டும். நோயுற்றால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இறங்கும் துறைமுகத்தில் வாயில் திறந்திருக்க வேண்டும். துறைமுகம் என்னும் சொல்லுக்குப் புகலிடம் என்னும் உணர்வு கடலோடிகளின் மனத்தில் இன்றும் உண்டு. அவ்வுணர்வு பொய்க்காமல் காப்பது கரையில் வாழ்வோரின் பொறுப்பு.

கற்பவை கற்றபின்...

1. வீட்டில் ஒரு வாரம் பயன்படுத்தும் பொருள்களுள் கடல்வழியே வந்தவை எவை எனப் பெரியோரிடமும் கடைக்காரரிடமும் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. 'நெருக்கடிக் காலத்தில் எல்லையை மூடுவது அரசின் கடமை' – 'பணி முடிந்தவரை ஊர் சேர்ப்பது அரசின் கடமை'. இவ்விரு கருத்துகளையும் இணைக்க இயலுமா என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. பத்து மாதங்களாகக் கப்பலில் இருக்கும் மாலுமி ஒருவர், தம் பிள்ளைக்கு எழுதுவதாகக் கருதிக் கடிதம் ஒன்று எழுதுக.